பெயர் வைக்கும் முன்பும் காற்று ஓய்ந்த பின்பும்

2022 டிசம்பர் 9ஆம் திகதி காலை, மாண்டஸ் சூறாவளி திருகோணமலையைத் தாண்டி வடக்கே வெகுதூரம் போய்விட்டிருந்தது. அன்றிரவு அது கரையேறியது மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில். இலங்கை மண்ணை அது மிதிக்கவே இல்லை. ஆனாலும் அந்த இரண்டு மூன்று நாளுக்குள் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் செத்துப்போயின. வெள்ளம் அவற்றை அடித்துக்கொண்டு போகவில்லை. பட்டியில் நின்ற இடத்திலேயே விறைத்து விழுந்தன. ஏதோ புது நோய் பரவுகிறது என்றுதான் முதலில் பலர் பயந்தார்கள். கால்நடை வைத்தியர்கள் சோதித்துவிட்டுச் சொன்ன காரணம் குளிர்.

ஜனவரி இரவிலும் வெப்பமானி சராசரியாக 24 பாகைக்குப் பக்கத்தில் நிற்கும் கரை இது. இங்கே குளிரில் மாடு சாகும் என்று யார் எதிர்பார்ப்பார்? அந்த மாடுகளின் கதைக்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: சூறாவளி போன பாதைக்கும் இழப்பு நடந்த இடத்துக்கும் தொடர்பே இல்லாததுபோல் தெரிகிறது. திருகோணமலையின் மாரிகாலத்தில் இது விதிவிலக்கல்ல, வழக்கம். பெயர் வைத்து, வரைபடத்தில் கோடு போட்டு, ‘இன்றிரவு கரையேறும்’ என்று செய்தி வந்த பிறகுதான் ஊர் நிமிர்ந்து உட்காருகிறது. கோடு தாண்டியதும் திரும்பப் படுத்துவிடுகிறது. அடி விழுவதோ பெரும்பாலும் அதற்கு முன்னால், அல்லது அதற்குப் பின்னால்.

எங்கள் மாரி

நாட்காட்டியில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. அதற்கு முந்திய ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாவது இடைப்பருவம். எங்கள் கணக்கில் இரண்டும் சேர்ந்து மாரிதான். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை பெறும் திருகோணமலைக்கு, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் தொடங்கி ஜனவரி முடிவதற்குள் கொட்டிவிடுகிறது. மே மாதத்தில் நிலாவெளியில் கால் நனைக்க வரும் சுற்றுலாக்காரருக்கு இந்த ஊரின் இன்னொரு முகம் தெரிய வழியில்லை. அவர்கள் பார்ப்பது கச்சான் காற்று வீசும் ஊர். தென்மேற்குப் பருவத்தில் இங்கே வந்து வாடி போடும் மேற்குக்கரை மீனவர்களும் ஒக்டோபரோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். மாரி உள்ளூர்க்காரருக்கு மட்டுமே உரியது.

மழை வருவதற்குச் சூறாவளி தேவையே இல்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். வெப்பமண்டல மழைப்பட்டை தெற்கே இறங்கி எங்கள் தலைக்குமேல் கடந்துபோகும் காலம் இது. கிழக்கிலிருந்து காற்றலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. அப்படி ஓர் அலை இரண்டு நாள் தங்கினாலே வீதியெல்லாம் குளமாகிவிடும். அதற்கு யாரும் பெயர் வைப்பதில்லை. தொலைக்காட்சியில் சுழலும் படமும் வராது.

சூறாவளிகளும் இந்தக் கடற்கரையை மறந்ததில்லை. 1964 டிசம்பர் 22இல் திருகோணமலைக்கு அருகே கரையேறிய சூறாவளிதான் வன்னியைக் கடந்து பாக்கு நீரிணைக்குள் இறங்கி, அன்றிரவே தனுஷ்கோடியைத் துடைத்தெறிந்தது. தமிழ்நாட்டில் அது தனுஷ்கோடிப் புயல். அது முதலில் மிதித்தது எங்கள் முற்றத்தை என்பது அங்கே பலருக்குத் தெரியாது. 1978 நவம்பரில் மட்டக்களப்பை உடைத்தது இன்னொன்று. அதற்குப் பின் இலங்கையைத் தாக்கியவற்றில் மிக வலிமையானது 2000 டிசம்பர் 26இல் திருகோணமலையருகே கரையேறியது. யுத்த காலம் என்பதால் அதன் கதை அதிகம் எழுதப்படவில்லை. சரியாக நான்கு ஆண்டு கழித்து அதே திகதியில் வந்தது கடற்கோள். அதற்கும் வானிலைக்கும் சம்பந்தமில்லைத்தான். இருந்தாலும் டிசம்பர் கடைசி வாரம் என்றால் இங்குள்ள பெரியவர்களுக்கு வயிற்றில் ஒரு கலக்கம். அதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இரண்டு தமிழில் ஒரு வானிலை

முன்னறிவிப்பை விளங்கிக்கொள்வதில் எங்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு தமிழில் பேசுகிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் ஓடும் சென்னை அலைவரிசை இன்னொரு தமிழில் பேசுகிறது. இங்கே ‘தாழமுக்கப் பிரதேசம்’ என்பது அங்கே ‘காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி’. எங்கள் ‘தாழமுக்கம்’ அவர்களுக்குத் ‘தாழ்வு மண்டலம்’. எங்கள் ‘சூறாவளி’ அவர்கள் ‘புயல்’. ஒரே வட்ஸ்அப் குழுவில் இரண்டு வகைச் செய்தியும் அடுத்தடுத்து வந்து விழும்போது, கடலில் இரண்டு சூறாவளி நிற்கிறது என்று நினைத்துப் பதறியவர்களை எனக்குத் தெரியும்.

சொற்களைவிடப் பெரிய வேறுபாடு நேரத்தில் இருக்கிறது. தென்கிழக்கு வங்கக் கடலில் உருவாகித் தமிழ்நாட்டை நோக்கிப் போகும் தொகுதிகளில் பல, போகிற வழியில் எங்கள் கரையை உரசிக்கொண்டே போகின்றன. அப்போது அவை இன்னும் வளர்ந்திராது. சென்னைக்காரருக்கு ஐந்து நாள் தள்ளி வரவிருக்கும் புயல், எங்களுக்கு நாளை காலை வந்து நிற்கும் பெயரில்லாத தாழமுக்கம்.

பெயர் வைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. வட இந்து சமுத்திரத்தில் உருவாகும் தொகுதிகளைப் புதுடில்லியில் உள்ள பிராந்திய மையம் கண்காணிக்கிறது. நிலைத்து வீசும் காற்று மணிக்கு 31 கிலோமீற்றரைத் தொட்டால் தாழமுக்கம். 50ஐத் தொட்டால் ஆழமான தாழமுக்கம். 62ஐத் தொட்ட பிறகுதான் சூறாவளி, பெயர் எல்லாம். 13 நாடுகள் கொடுத்த பட்டியலிலிருந்து பெயர் வரிசையாக எடுக்கப்படும். புரெவி மாலைதீவு கொடுத்தது, மாண்டஸ் ஐக்கிய அரபு அமீரகம் கொடுத்தது. இந்தத் தரவரிசை முழுக்க முழுக்கக் காற்றின் வேகத்தை அளக்கிறது. மழையை அது அளப்பதேயில்லை. மெதுவாக ஊர்ந்துபோகும் வெறும் தாழமுக்கம், விரைந்து ஓடும் சூறாவளியைவிடப் பல மடங்கு மழையைக் கொட்டிவிட்டுப் போகலாம்.

2024 நவம்பரில் அதுதான் நடந்தது. 26, 27, 28 என்று மூன்று நாளும் தாழமுக்கம் எங்கள் கரையை ஒட்டி ஊர்ந்தது. கிழக்கு வெள்ளத்தில் கிடந்தது. அம்பாறை மாவட்டத்தில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையே வெள்ளம் பாய்ந்த வீதியில் உழவு இயந்திரத்தில் போன மதரஸா மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டது 26ஆம் திகதி. அந்தத் தொகுதிக்கு ஃபெஞ்சல் என்று பெயர் வைக்கப்பட்டது 29ஆம் திகதி. எங்களுக்கு எல்லாம் முடிந்தபிறகு.

ஆகவே பெயர் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அறிக்கையில் உள்ள மில்லிமீற்றரைப் பார்ப்பது மேல். ‘சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை’ என்ற வரியை நாங்கள் வருடம் பூராவும் கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கிறோம். அதைக் காணிக் கணக்கில் மாற்றிப் பாருங்கள். ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். 20 பேர்ச் காணி ஏறத்தாழ 500 சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழை அந்தக் காணியில் 50,000 லீற்றரைக் கொண்டுவந்து ஊற்றுகிறது. வீட்டுக் கூரையில் நிற்கும் 1,000 லீற்றர் தாங்கி இருக்கிறதே, அதில் 50. அவ்வளவும் எந்த மதகால் வெளியேறப் போகிறது என்று ஒருமுறை முற்றத்தில் நின்று யோசித்தால், அறிக்கை வேறு மாதிரிக் காதில் விழும். திணைக்களத்தின் ‘24 மணித்தியால மழை’ காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரையிலான கணக்கு. நள்ளிரவில் கொட்டிய மழையின் அளவு மறுநாள் காலை அறிக்கையில்தான் வரும்.

கோட்டை நம்பலாமா?

வரைபடத்தில் போடப்படும் பாதைக்கோடு ஒரு மெல்லிய பொய். முன்னறிவிப்பாளர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. கோடு மெல்லியதாக இருப்பதுதான் பொய். 24 மணித்தியாலத்துக்கு முன் சொல்லப்படும் மையத்தின் இடத்தில் சராசரியாக 70 - 80 கிலோமீற்றர் பிழை இருக்கும். மூன்று நாளுக்கு முன் என்றால் அதன் இரு மடங்குக்கு அருகே. உலக அளவில் இது நல்ல கணிப்பு, இருபது வருடத்துக்கு முன் இருந்ததைவிட மிகவும் நல்லது. ஆனால் திருகோணமலை நகரிலிருந்து குச்சவெளி நேர்கோட்டில் 30 கிலோமீற்றரளவு, வெருகல் 40 அளவு. ஒரு நாள் முன்னதான பிழைக்குள் எங்கள் கரையோரத்தில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. ‘முல்லைத்தீவுக்குத்தான் போகிறதாம்’ என்று நிம்மதியாகத் தேத்தண்ணி குடிப்பதற்கு இதில் இடமில்லை.

மையம் வடக்கே போகிறதா தெற்கே போகிறதா என்பது ஏன் முக்கியம்? எங்கள் அரைக்கோளத்தில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது கிழக்கிலிருந்து வரும்போது ஊருக்கு முதலில் கிடைப்பது வடக்குக் காற்று, அதாவது வாடை. மையம் எங்களுக்குத் தெற்கே, மட்டக்களப்புப் பக்கமாகக் கரையேறினால் வாடை மெல்லத் திரும்பிக் கொண்டலாகும். கடலிலிருந்து நேரே கரைக்கு அடிக்கும் காற்று. மழை கூடும், அலை ஏறும். மையம் வடக்கே போனால் வாடை எதிர்ப்பக்கமாகத் திரும்பி, மேற்கிலிருந்து, கச்சான் வரும் திசையிலிருந்து வீசத் தொடங்கும். தரையிலிருந்து கடலுக்குப் போகும் காற்று. அலை தணியும், கூரைக்கு ஆபத்து மட்டும் குறையாது. காற்றை முகத்துக்கு நேரே வாங்கி நின்றால் மையம் ஏறத்தாழ உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும். கடலோடிகள் உலகெங்கும் பழகிய விதி இது. நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழிக்கு இதை மனதில் வைத்திருப்பது பெரிய காரியமில்லை. கைப்பேசி செத்துப்போன இரவில் இது ஒன்றுதான் கைவசம் இருக்கும்.

காற்று திடீரென்று முழுதாக நின்றுபோனால், அது முடிவாக இருக்கவேண்டும் என்றில்லை. மையமே தலைக்குமேல் நிற்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அடிக்கத் தொடங்கும். முதல் பாதியில் ஆட்டங்கண்ட கூரையைக் கட்ட ஏறுபவன் இரண்டாம் பாதியில் மாட்டிக்கொள்வான்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி கரையேறியது திருகோணமலைக்குச் சற்று வடக்கே, குச்சவெளி - திரியாய்ப் பக்கம். மணிக்கு 80 - 90 கிலோமீற்றர் காற்று. ஊர் எதிர்பார்த்த அளவுக்கு அழிவு நடக்கவில்லை. ‘இவ்வளவுதானா?’ என்ற பேச்சு மறுநாள் கடைத்தெருவில் கேட்டது. புரெவி பிறகு மன்னார் வளைகுடாவுக்குள் போய் இராமநாதபுரத்தை ஒட்டி அசையாமல் நின்று, யாழ்ப்பாணத்தையும் கடலூர், சிதம்பரம் பக்கத்தையும் மழையால் நிரப்பியது. கரையேறிய இடம் எங்களுடையது, வெள்ளம் அவர்களுடையது. அடுத்த முறை இது தலைகீழாக நடக்கலாம் என்பதை அந்த ‘இவ்வளவுதானா’ மறைத்துவிட்டது.

கடல் பற்றியும் ஒரு சொல். திருகோணமலைக் கரையோரம் சட்டென்று ஆழமாகிவிடும். குடாவுக்குள்ளேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு ஒன்று ஓடுகிறது. கப்பற்படைகள் நூற்றாண்டுகளாக இந்தத் துறைமுகத்துக்கு ஆசைப்பட்டதற்குக் காரணமான அதே ஆழம், சூறாவளி தள்ளிக்கொண்டு வரும் நீரை அவ்வளவாகக் குவியவிடாது. பாக்கு நீரிணைபோன்ற ஆழமில்லாத கடலில்தான் அது மதிலாக எழும். 1964இல் தனுஷ்கோடியில் எழுந்ததுபோல. ஆகவே எங்கள் கரையில் கடல் ஊருக்குள் புகுவதைவிட அலையடிப்பதே பெரிய ஆபத்து. ஆனால் கொண்டல் விடாமல் அடித்தால் கொட்டியாரக்குடாவில் நீர்மட்டம் உயர்ந்து நின்று ஆற்றுவாய்களை அடைத்துக்கொள்ளும். மேலேயிருந்து வரும் வெள்ளம் போக வழியின்றி மூதூரிலும் கிண்ணியாவிலும் தம்பலகாமத்து வயல்களிலும் தேங்கும்.

மலையில் பெய்த மழை

நான் அதிகம் சொல்ல விரும்புவது அந்த மேலேயிருந்து வரும் வெள்ளத்தைப் பற்றித்தான்.

மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி வந்து இரண்டு கிளையாகப் பிரிந்து கடலைச் சேர்வது எங்கள் மாவட்டத்தில். ஒரு கிளை கொட்டியாரக்குடாவில் விழுகிறது, மற்றது வெருகலாறு. இலங்கையின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு இந்த ஒரே ஆற்றுப் படுகைக்குள் அடங்குகிறது. நுவரெலியாவில், கண்டியில், மாத்தளையில் பெய்த மழைக்கு வெருகலில் இருப்பவர் கணக்குக் கொடுக்க வேண்டும். அதுவும் ஒன்றிரண்டு நாள் கழித்து, அநேகமாக வெயில் எறிக்கும்போது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இதை யாரும் மறக்க முடியாதபடி காட்டியது. 28ஆம் திகதி அதன் மையம் திருகோணமலைக்குச் சில பத்துக் கிலோமீற்றர் தெற்கே இருந்தது. பிறகு வடக்கே நகர்ந்து கடலுக்குள் போனது. நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அந்த அனர்த்தத்தின் மிகக் கொடிய பகுதி மலையகத்து மண்சரிவுகளில் நடந்தது. காற்று ஓய்ந்தபின், மலையில் கொட்டிய நீர் நீர்த்தேக்கங்களை நிரப்பி, வான்கதவுகள் வழியே கீழே இறங்கி வந்தது. மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது 30ஆம் திகதி. 2006இல், யுத்தகாலத்தில், அணைக்கதவு மூடப்பட்டபோது உலகம் முழுக்க அறிந்த அதே மாவிலாறு. அன்று தண்ணீர் வரவில்லை என்று அழுத ஊர்கள், இம்முறை தண்ணீருக்குள் நின்றன.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடம் உண்டு. அதை எங்கள் பிரதேசச் செயலகக் கூட்டங்களில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். மூதூருக்கும் வெருகலுக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் முதல் எச்சரிக்கை மணி உள்ளூர் வானத்தில் அடிப்பதில்லை. கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்களுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு நிற மண்சரிவு எச்சரிக்கை விடுக்கிறதே, அதுதான் அவர்களுக்கான மணி. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது நீர்ப்பாசனத் திணைக்களத்தின் ஆற்று நீர்மட்ட அறிக்கை. நாவலப்பிட்டி, பேராதனை, வெரகந்தோட்டை, மன்னம்பிட்டி என்று மேலிருந்து கீழாக அளவுமானிகள் இருக்கின்றன. மன்னம்பிட்டியில் மட்டம் ஏறுகிறது என்றால் கீழே உள்ளவர்களுக்கு மிச்சமிருக்கும் நேரம் மணிக்கணக்கில்தான். பேராதனையில் ஏறும்போதே மூட்டை கட்டத் தொடங்கினால் மாட்டை மேட்டுக்கு ஏற்ற, நெல்லைப் பரணில் போட, பாட்டியைத் தூக்கிக்கொண்டு பாலம் கடக்க நேரம் இருக்கும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலங்கள் வந்துவிட்டதால், படகுப்பாதையை நம்பியிருந்த காலம் போய்விட்டது. இருந்தாலும் பாலம் நின்றாலும் இருபக்கத்து வீதி மூழ்கும், பாலம் தீவாகும்.

மேலே வான்கதவு திறப்பதைப் பற்றி ஊரில் எப்போதும் ஒரு கோபம் உண்டு: ‘சொல்லாமல் கொள்ளாமல் திறந்துவிட்டான்.’ சில நேரம் நியாயமான கோபம். ஆனால் நிரம்பிய குளத்தைத் திறக்காமல் வைத்தால் கட்டு உடையலாம். கட்டு உடைந்தால் என்ன நடக்கும் என்பதைக் கந்தளாய் பார்த்திருக்கிறது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அது மாரியும் அல்ல, பெருமழையும் அல்ல. கட்டு உடைந்தால் வரும் நீர் என்ன செய்யும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வி, ஏன் திறந்தாய் என்பதல்ல. திறப்பதற்கு எவ்வளவு நேரம் முன்னால் தமிழில் சொன்னாய் என்பது.

மாட்டுக்குக் குளிர் எப்படிப் பிடிக்கும்

இனி மாடுகள். சூறாவளிக்கு மேற்குப் பக்கத்தில் வடக்குக் காற்று வீசும் என்றேன். மாண்டஸ் அந்தக் காற்றை இந்திய நிலப்பரப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. உலர்ந்த, குளிர்ந்த, புகை மண்டிய காற்று. அந்த நாள்களில் காற்றின் தரம் கெட்டு, 9ஆம் திகதி நாடு முழுவதும் பாடசாலைகளை மூட வேண்டி வந்ததற்கும் இதே காற்றுத்தான் காரணம். மேலிருந்து விழும் மழைத்துளி உலர்ந்த காற்றில் ஆவியாகும்போது காற்றின் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. மேகம் மூடியிருப்பதால் பகலிலும் வெயில் இல்லை.

உலர்ந்த மயிரோடு, நிறைந்த வயிற்றோடு நிற்கும் மாடு இதைவிட எவ்வளவோ பெரிய குளிரைத் தாங்கும். நனைந்த மயிர் போர்வையாக இராது. அதன்மேல் விடாமல் காற்று அடித்தால், ஈரத்துணி கட்டிய மண்பானைத் தண்ணீர் குளிர்வதுபோல உடம்பு குளிர்ந்துகொண்டே போகும். எங்கள் பக்கத்து மாட்டுக்கு மூன்றாவது தொல்லை ஒன்றும் உண்டு. பெரும்போகத்தில் வயலெல்லாம் வெள்ளாமை. மேய்ச்சலுக்குத் தரையில்லாமல் பட்டிகளைக் காட்டோரமும் வெட்டைவெளியும் பார்த்துத் தள்ளிவிடுகிறோம். கூரையுமில்லை, மறைப்புமில்லை, வயிறும் அரைகுறை. கன்றும் கிழடும் முதலில் விழும்.

இதற்கு மருந்து வைக்கோல். அசைபோடும் பிராணிக்கு நார்த்தீனி வயிற்றுக்குள் நொதிக்கும்போதே சூடு பிறக்கிறது. குளிர்நாளில் அது உள்ளே எரியும் அடுப்பு. ஒரு காலத்தில் வளவுக்கு வளவு வைக்கோல் போர் நின்றது. இப்போது அறுவடை இயந்திரம் வைக்கோலை வயலிலேயே சிதறவிட்டுப் போகிறது, நாங்கள் கொளுத்திவிடுகிறோம். சிறுபோக வைக்கோலில் கொஞ்சத்தைக் கட்டி மேட்டில் வைத்து, வடக்கும் கிழக்கும் மறைய ஒரு தறப்பாளை இழுத்துக் கட்டினால் போதும். கொட்டில் கட்டக் காசில்லாதவருக்கும் இது முடியும். அறிக்கையில் ‘மழை, பலத்த வடக்குக் காற்று’ இரண்டும் இரண்டு நாளுக்குமேல் சேர்ந்து வந்தால், அது பட்டிக்காரருக்கான எச்சரிக்கை, ‘குளிர்’ என்ற சொல் அதில் இல்லாவிட்டாலும். தகரக் கொட்டிலில் படுக்கும் முதியவருக்கும் தொய்வுக்காரருக்கும் அதே கணக்குத்தான்.

வீட்டுப் பக்கம்

வீட்டு ஆயத்தம் பற்றி ஆயிரம் துண்டுப்பிரசுரம் வந்துவிட்டது, திரும்பச் சொல்லப்போவதில்லை. இரண்டு மூன்று மட்டும். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாகக் கூடும். 60 கிலோமீற்றர் காற்று 85 ஆனால் கூரையின் மேல் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும். போன மாரியைத் தாங்கிய அஸ்பெஸ்டோஸ் தகடு என்பது அடுத்ததற்கு உத்தரவாதமில்லை. கொக்கிகளின் ரப்பர் வாசர் வெயிலில் கருகி உதிர்ந்திருக்கும். செப்டெம்பரில் ஏறிப் பார்த்து முறுக்கலாம், நவம்பரில் ஏறினால் வழுக்கும். வீட்டோரத் தென்னையில் காய்ந்த மட்டையும் முற்றிய குலையும் இறக்கியிருக்க வேண்டும்.

டித்வாவின்போது நாட்டின் பல பகுதிகளில் மின்சாரமும் தொலைபேசியும் ஒன்றாகப் போயின. எச்சரிக்கை எல்லாம் கைப்பேசிக்குள் வரும் காலத்தில் இது பெரிய ஓட்டை. பற்றரி வானொலி இரண்டாயிரம் ரூபாயோ மூவாயிரமோ. வாங்கிவைத்துவிட்டுப் பற்றரி மாற்ற மறப்பது எங்கள் வீட்டு வழக்கமும்கூட. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைச் சுவரில் எழுதிவையுங்கள், கைப்பேசிக்குள் அல்ல.

வெள்ளம் வடிந்தபின் கிணறு. மணல் நிலத்தில் கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் நடுவே சில யார்தான் இடைவெளி; நீர்மட்டம் ஏறும்போது இரண்டும் ஒன்றாகிவிடும். இறைத்து, குளோரின் போடும்வரை கொதிக்கவைத்த நீர்தான். வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பெறலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆழ்கடலில் நிற்கும் பலநாள் மீன்பிடிக் கலங்களுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேறு. கொட்பே துறைமுகத்துக்குத் திரும்பவே அவர்களுக்கு இரண்டு மூன்று நாள் தேவைப்படலாம். அவர்களுக்கு ‘தாழமுக்கப் பிரதேசம் உருவாகக்கூடும்’ என்ற மிக மங்கலான வரிதான் உண்மையான எச்சரிக்கை. தாழமுக்கம் உருவானபின் திரும்பத் தொடங்கினால் அதனோடு சேர்ந்துதான் கரைக்கு வரவேண்டியிருக்கும். மங்கலான வரிக்காக எண்ணெய்ச் செலவையும் மீனையும் விட்டுவிட்டு வா என்று கரையில் இருந்துகொண்டு சொல்வது சுலபம். ஐந்து முறை திரும்பி வந்து நான்கு முறை ஒன்றுமே நடக்கவில்லை என்றால் ஆறாம் முறை யார் திரும்புவார்? வீணாகப்போகும் பயணத்தின் செலவில் ஒரு பங்கை யாராவது ஏற்கும்வரை, எவ்வளவு நல்ல முன்னறிவிப்பும் அந்தக் கலங்களை நேரத்துக்குத் திருப்பாது.

வெள்ளாமைக்காரருக்கு டிசம்பர் மழையைவிட ஜனவரி மழைதான் கண்டம். லா நினா ஆண்டுகளில் பருவத்தின் பின்பாதி கனக்கும் போக்கு உண்டு. 2011இல் பொங்கலுக்குச் சில நாள் இருக்கும்போது கிழக்கு மூழ்கியது. வடிந்து மூச்சுவிடுவதற்குள் பெப்ரவரித் தொடக்கத்தில் இரண்டாவது வெள்ளம். வெருகல், மூதூர்ப் பக்கத்தில் கதிர் வந்த பயிர் அப்படியே அழுகியது. ஆங்கிலப் புத்தாண்டோடு தறப்பாளை மடித்துப் பரணில் போட்டுவிடும் பழக்கம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. பெப்ரவரி முடியும்வரை அது கைக்கெட்டும் தூரத்திலேயே கிடக்கட்டும்.